செய்யுளின் ஓசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய செய்யுள்களைச் சேர்ந்து உட்கார்ந்து உரக்க வாசிக்கும் கூட்டங்களில் பல வருடங்களாகக் கலந்துகொள்கிறேன். கல்லூரி மாணவர், ஓய்வு பெற்றவர், பாட்டுக் கற்பவர் என்று யார் புதிதாக வந்தாலும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். எளியவை முதலில் வருகின்றன. பேச்சு பெரும்பாலும் தமிழைப் பற்றியது. வடமொழி, இந்தி மரபுகள் ஒப்பிடத் தேவையான இடத்தில் மட்டும் வரும்.

1. செய்யுளை வாய்விட்டுத்தான் படிக்கணுமா? மனசுக்குள்ள படிச்சா போதாதா?

பொருள் தெரிந்தால் போதும் என்றால் மனசுக்குள் படிக்கலாம். செய்யுள் முழுதாக வேண்டும் என்றால் வாய் திறந்துதான் ஆக வேண்டும். ஓலைச்சுவடியில் புள்ளி இல்லை, அடி பிரிப்பு இல்லை, நிறுத்தக்குறி இல்லை. எங்கே அடி முடிகிறது, எங்கே மூச்சு விடலாம் என்பதை வாசிப்பவருக்குக் காட்டிக் கொடுத்தது ஓசை ஒன்றுதான். எதுகை வந்தால் புது அடி, சீர் தேய்ந்து நின்றால் வெண்பா முடிந்தது என்று காது கண்டுபிடித்தது. அச்சுப் புத்தகம் அந்த வேலையைக் கண்ணுக்கு மாற்றிவிட்டது. அதனால்தான் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த பாட்டுகூடப் பலருக்கு வரி வரியாக நினைவிருக்கிறது, ஓசையாக நினைவில்லை.

2. மாத்திரை மாத்திரைன்னு சொல்றாங்களே, அதை எப்படி அளக்கறது?

கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று தொல்காப்பியம் சொல்கிறது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்யெழுத்துக்கு அரை. ‘அம்மா’ என்றால் ஒன்று, அரை, இரண்டு, மொத்தம் மூன்றரை. கடிகாரம் வைத்து அளக்கும் அளவு இல்லை இது. நீங்கள் வேகமாகச் சொன்னாலும் மெதுவாகச் சொன்னாலும் நெடில் குறிலைப் போல இரண்டு மடங்கு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வாசிக்கும்போது அதிகம் தவறுவது சொல்லின் கடைசி உகரத்தில். ‘காற்று’, ‘பாட்டு’, ‘நெஞ்சு’ இவற்றின் கடைசி எழுத்து அரை மாத்திரைதான் ஒலிக்கும். அதுதான் குற்றியலுகரம். அதை முழு உகரமாக இழுத்து, உதட்டைக் குவித்து ‘பாட்டூ’ என்று படித்தால் செய்யுள் தள்ளாடும். இந்த ஒன்றைத் திருத்திக்கொண்டாலே பாதி வாசிப்பு சரியாகிவிடுகிறது.

3. நேர், நிரை, தேமா, புளிமா… ஸ்கூல்ல படிச்சது எல்லாம் மறந்துபோச்சு. ஒரு தடவை சொல்லுங்க.

தனிக் குறில், தனி நெடில் இரண்டும் நேரசை. இரண்டு குறில் சேர்ந்தாலும், குறிலும் நெடிலும் சேர்ந்தாலும் நிரையசை. இவற்றில் எதற்குப் பின்னால் மெய்யெழுத்து வந்தாலும் அது அதே அசையோடு ஒட்டிக்கொள்ளும். அசைகள் சேர்ந்தால் சீர். நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நிரை நிரை கருவிளம், நேர் நிரை கூவிளம். மூன்றாவதாக ஒரு நேரசை சேர்ந்தால் வாலில் ‘காய்’ சேரும், நிரையசை சேர்ந்தால் ‘கனி’ சேரும். இந்தப் பெயர்களை விதியாகப் பார்க்க வேண்டாம். ‘தேமா’ என்று சொல்லும்போதே நேர் நேர் ஒலித்துவிடுகிறது, ‘புளிமா’ என்று சொல்லும்போதே நிரை நேர் ஒலித்துவிடுகிறது. பெயரே வாய்ப்பாடு.

முதல் குறளை எடுத்துக்கொள்வோம். ‘அகர முதல எழுத்தெல்லாம் ஆதி / பகவன் முதற்றே உலகு.’ அக-ர புளிமா, முத-ல புளிமா, எழுத்-தெல்-லாம் புளிமாங்காய், ஆ-தி தேமா, பக-வன் புளிமா, முதற்-றே புளிமா. கடைசியில் ‘உலகு’, அதற்கு வாய்ப்பாடு ‘பிறப்பு’. இப்போது ஒரு சீர் முடிந்து அடுத்த சீர் எப்படித் தொடங்குகிறது என்று கவனியுங்கள். மாவில் முடிந்தால் அடுத்து நிரை வருகிறது. காயில் முடிந்தால் அடுத்து நேர் வருகிறது. விளத்தில் முடிந்திருந்தாலும் நேர்தான் வரும். இந்தத் தொடர்ச்சிக்குப் பெயர் வெண்டளை. 1330 குறளையும் கட்டி நிறுத்துவது இதுதான்.

4. சீர் பிரிச்சு அச்சடிச்சா பொருள் புரியல. பதம் பிரிச்சா ஓசை போயிடுது. எதைப் படிக்கிறது?

இரண்டையும் படிக்க வேண்டும், ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக. ‘தாமின் புறுவது உலகின் புறக்கண்டு / காமுறுவர் கற்றறிந் தார்’ என்ற குறளைச் சீர்ப்படி பார்த்தால் ‘தாமின்’ என்ன, ‘புறுவது’ என்ன என்று குழப்பம்தான் வரும். பதம் பிரித்தால் ‘தாம் இன்புறுவது உலகு இன்புறக் கண்டு’. பொருள் வெளிச்சமாகிவிட்டது, ஆனால் தளை கலைந்துவிட்டது.

நாங்கள் செய்வது இது. முதலில் பதம் பிரித்து ஒரு முறை மெதுவாகச் சொல்லிப் பொருளை மனதில் வைத்துக்கொள்வோம். பிறகு சீர் பிரித்த வடிவத்தை, சீருக்குச் சீர் நிறுத்தாமல் ஓட்டமாகச் சொல்வோம். பொருள் ஏற்கெனவே தெரிந்திருப்பதால் ‘தாமின்புறுவது’ என்று வாய் தானாகவே சேர்த்துச் சொல்லும், ஓசையும் கெடாது. சீர் பிரித்திருப்பது கணக்குக்காக. ஒவ்வொரு இடைவெளியிலும் நிற்பதற்காக இல்லை. மேடைகளில் குறளை ஒவ்வொரு சீராக நிறுத்தி நிறுத்திச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

5. எதுகை எது, மோனை எது? எப்பவும் குழம்புது.

முதல் எழுத்து ஒன்றி வந்தால் மோனை, இரண்டாம் எழுத்து ஒன்றி வந்தால் எதுகை. மேலே பார்த்த முதல் குறளில் அகர, பகவன் இரண்டிலும் ‘க’ இரண்டாம் எழுத்து. அது எதுகை. அகர, ஆதி இரண்டும் அகர ஆகாரத்தில் தொடங்குகின்றன. அது மோனை.

அடியின் தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தைக் கொண்டு அடிகளை இணைக்கும் வழக்கம் தெலுங்குக்கும் கன்னடத்துக்கும் உண்டு. அங்கே அதற்குப் பிராசம் என்று பெயர். வடக்கே துளசிதாசர், கபீர் பாட்டிலும் உருது கஜலிலும் ஒலி ஒன்றுவது அடியின் கடைசியில். தெற்கே தொடக்கத்தில் மணி அடித்தால் வடக்கே முடிவில் அடிக்கிறது. நம்மிலும் அடியின் இறுதி ஒன்றி வரும் இயைபு இருக்கிறது, ஆனால் பழைய செய்யுளில் அது எதுகையைப் போல ஆட்சி செய்யவில்லை.

6. வெண்பா, ஆசிரியப்பா எல்லாம் காதால கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், கொஞ்ச நாள் பழக்கம் வேண்டும். இலக்கணமே ஓசையைத்தான் முதல் அடையாளமாகச் சொல்கிறது. வெண்பாவுக்குச் செப்பலோசை, ஆசிரியப்பாவுக்கு அகவலோசை, கலிப்பாவுக்குத் துள்ளலோசை, வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை.

வெண்பாவைக் காட்டிக் கொடுப்பது அதன் முடிவு. மற்ற அடிகளில் நான்கு சீர், கடைசி அடியில் மூன்றே சீர், அதிலும் கடைசிச் சீர் குறுகி நிற்கும். ‘உலகு’, ‘கால்’, ‘தார்’ என்று சட்டென்று நின்றுவிடும். ஆசிரியப்பா அப்படி நிற்காது. பெரும்பாலும் ஈரசைச் சீர்களாக, அடிக்கு நான்கு சீராக நடந்து போய், கடைசிக்கு முந்தின அடியில் மூன்று சீராகக் குறைந்து, ‘ஏ’ என்ற ஒலியில் முடியும். சங்கப் பாடல்களில் பெரும்பகுதி இந்த ஓசைதான். கலியில் காய்ச்சீருக்குப் பிறகு நேர் வராமல் நிரை வரும். வெண்பாவில் காய்க்குப் பிறகு நேர் வந்து அமைதியாக இறங்கிய இடத்தில், இங்கே இரண்டு எழுத்து துள்ளி ஏறுகிறது. துள்ளல் என்ற பெயர் அந்த ஒரு மாற்றத்தால் வந்த ஓசைக்கு. கலித்தொகையில் ஒரு பாட்டையும் நாலடியாரில் ஒரு பாட்டையும் அடுத்தடுத்து உரக்கப் படித்தால் இந்த வேறுபாடு உங்களுக்கே கேட்கும். வஞ்சிப்பாவைத் தனியாகக் கேட்க வாய்ப்புக் குறைவு. பட்டினப்பாலையில் ஆசிரிய அடிகளோடு கலந்து வருவதைப் படித்துப் பாருங்கள்.

7. குறள்ல ‘உழாஅர்’, ‘கெடுப்பதூஉம்’னு இருக்கே, அச்சுப்பிழையா?

இல்லை, அளபெடை. நெடிலின் இரண்டு மாத்திரை போதாமல் மூன்றாக நீட்ட வேண்டிய இடத்தில், அதற்கு இனமான குறிலைப் பக்கத்தில் எழுதிக் காட்டுவார்கள். பாடுபவருக்கு ‘இங்கே நீட்டு’ என்று சொல்லும் குறிப்பு அது.

இந்த இரண்டு சொல்லும் ஒரே காரணத்துக்காக நீளவில்லை என்பதுதான் அழகு. ‘ஏரின் உழாஅர் உழவர்’ என்ற இடத்தில் ‘உழார்’ என்று எழுதினால் அது ஒரே ஒரு நிரையசை, சீராக நிற்காது. ‘உழா-அர்’ என்று நீண்டதும் புளிமா ஆகிறது, தளை பொருந்துகிறது. இது செய்யுளிசை அளபெடை. ‘கெடுப்பதூஉம் கெட்டார்க்கு’ என்பதில் ‘கெடுப்பதும்’ என்று இருந்தாலே கருவிளம், அடுத்து நேர், தளை சரியாகத்தான் இருக்கிறது. நீட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. காதுக்கு இனிமை வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் நீட்டியிருக்கிறார். இதற்கு இன்னிசை அளபெடை என்று பெயர். இன்றைய வாசிப்பில் பலர் இந்த ‘அ’வையும் ‘உ’வையும் தனி எழுத்தாகத் தட்டித் தட்டிச் சொல்கிறார்கள். அதைவிட நெடிலை ஒரே மூச்சில் நீட்டிவிடுவது சரி.

8. வடமொழி சந்தஸும் நம்ம யாப்பும் ஒண்ணுதானா?

ஒலியின் அளவை அடிப்படையாகக் கொண்டவை என்ற வகையில் உறவு உண்டு. எண்ணும் முறை வேறு. வடமொழியில் ஒவ்வொரு உயிரொலியும் லகு அல்லது குரு. குறில் தனியாக நின்றால் லகு. நெடிலாக இருந்தாலோ பின்னால் கூட்டெழுத்து வந்தாலோ குரு. ஒரு பாதத்துக்கு எத்தனை எழுத்து என்று எண்ணுவார்கள். காயத்ரி எட்டெழுத்துப் பாதம் மூன்று, மொத்தம் 24. அனுஷ்டுப் எட்டெழுத்துப் பாதம் நான்கு, மொத்தம் 32. காளிதாசர் மேகதூதம் முழுவதையும் மந்தாக்ராந்தா என்ற சந்தத்தில் எழுதினார். அதில் பாதத்துக்கு 17 எழுத்து. முதல் நான்கும் குரு, அடுத்த ஐந்தும் லகு. கனமாக நான்கு அடி எடுத்துவைத்து, பிறகு மெலிதாக ஐந்து அடி ஓடுவது போலக் கேட்கும்.

தமிழில் அலகு அசை. ‘பக’ என்ற இரண்டு எழுத்தும் ஓர் அசை, ‘ஆ’ என்ற ஓர் எழுத்தும் ஓர் அசை. அதனால் ஏழு சீர் மாறாமல் இருந்தாலும் குறளுக்குக் குறள் எழுத்து எண்ணிக்கை மாறும். எழுத்தை எண்ணுகிற தமிழ் யாப்பும் உண்டு. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. அபிராமி அந்தாதி அந்த யாப்புதான். ‘உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்’ என்ற அடியை விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். நிரையில் தொடங்குகிறது, 17 வரும்.

இந்தியில் தோஹா எழுத்தை எண்ணாமல் மாத்திரையை எண்ணும். ஓர் அடிக்கு 13, பிறகு ஒரு நிறுத்தம், பிறகு 11.

9. ஃபிபொனாச்சி எண்களை நம்ம ஆளுங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு வாட்ஸப்ல வருதே, உண்மையா?

அந்த எண்வரிசை இந்தியச் சந்த நூல்களில் ஃபிபொனாச்சிக்கு முன்பே வருவது உண்மை. கேள்வி முழுக்கக் கவிதைக் கேள்விதான். லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு. அப்படியானால் இத்தனை மாத்திரை கொண்ட அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? ஒரு மாத்திரைக்கு ஒரு விதம். இரண்டுக்கு இரண்டு: லகு லகு, அல்லது ஒரு குரு. மூன்றுக்கு மூன்று. நான்குக்கு ஐந்து, ஐந்துக்கு எட்டு. கடைசி ஒலி லகுவாக இருந்தால் மிச்சம் ஒரு மாத்திரை குறைவு, குருவாக இருந்தால் இரண்டு மாத்திரை குறைவு. ஆகவே ஒவ்வோர் எண்ணும் முந்தின இரண்டின் கூட்டுத்தொகை. விரஹாங்கர் இதைச் சொன்னார், 12ஆம் நூற்றாண்டில் ஹேமசந்திரரும் தெளிவாகச் சொன்னார். ஃபிபொனாச்சியின் நூல் 1202இல் வந்தது.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி பிங்கலர். குறிப்பிட்ட எண்ணிக்கை எழுத்துக்கு லகு குரு அடுக்குகள் எத்தனை, அவற்றை ஒன்று விடாமல் எப்படி எழுதிக் காட்டுவது என்று முறை வகுத்தவர். எட்டெழுத்துப் பாதத்துக்கு 256 அடுக்குகள். வாட்ஸப்பில் வரும் மற்ற பெருமைகளை விட்டுவிடுங்கள், இது ஒன்றே போதுமான அளவுக்குப் பெரிது.

10. வேதம் ஓதுறது பாட்டா, படிப்பா?

இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ரிக்கும் யஜுஸும் ஓதப்படுகின்றன, சாமம் பாடப்படுகிறது. ஓதுவதில் உதாத்தம், அனுதாத்தம், ஸ்வரிதம் என்று மூன்று சுரநிலை. சொல் சரியாக இருந்தாலும் சுரம் தவறினால் பொருள் தவறும் என்பது அந்த மரபின் உறுதியான நம்பிக்கை. அதற்கு எப்போதும் சொல்லும் கதை துவஷ்டாவுடையது. இந்திரனைக் கொல்பவன் வளரட்டும் என்று வேள்வி செய்தவர், ‘இந்திரசத்ரு’ என்ற சொல்லில் சுரத்தை முதலெழுத்தில் வைத்துவிட்டார். பொருள் ‘இந்திரனால் கொல்லப்படுபவன்’ என்று மாறி, பிறந்த விருத்திரன் இந்திரன் கையில் மடிந்தான்.

எழுத்து இல்லாமல் பாடத்தைக் காப்பாற்ற அவர்கள் செய்த ஏற்பாடு வியப்பானது. ஒன்று-இரண்டு, இரண்டு-மூன்று என்று சொற்களை இரண்டிரண்டாகக் கோப்பது கிரமம். ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு என்று முன்னும் பின்னும் போய் வருவது ஜடை. கனம் என்ற முறையில் ஒன்று-இரண்டு, இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று, மூன்று-இரண்டு-ஒன்று, ஒன்று-இரண்டு-மூன்று. இப்படிச் சொல்லும்போது ஒரு சொல் நழுவினாலும் உடனே தெரிந்துவிடும். யுனெஸ்கோ 2003இல் வேதம் ஓதும் மரபை மனிதகுலத்தின் அரிய மரபுகளில் ஒன்றாக அறிவித்தது.

11. கம்பன் சந்தம், கம்பன் சந்தம்னு கொண்டாடறாங்களே. அப்படி என்ன இருக்கு?

கதையில் நடப்பதை ஓசையே நடித்துக் காட்டுகிறது. சூர்ப்பணகை அழகிய பெண்ணாக உருமாறி இராமனிடம் வரும் பாட்டு இது:

பஞ்சியொளிர் விஞ்சுகுளிர் பல்லவ மனுங்கச்
செஞ்செவிய கஞ்சநிகர் சீறடிய ளாகி
அஞ்சொலிள மஞ்ஞையென அன்னமென மின்னும்
வஞ்சியென நஞ்சமென வஞ்சமகள் வந்தாள்

‘தந்ததன தந்ததன தந்ததன தந்தா’ என்று சொல்லிப் பார்த்துவிட்டு அதே நடையில் பாட்டைச் சொல்லுங்கள். கொலுசு போட்டு ஒருத்தி ஒயிலாக நடந்து வருவது கேட்கும். செம்பஞ்சும் தளிரும் தோற்றுப் போகும் அடி, இளமயில், அன்னம், வஞ்சிக்கொடி என்று அழகான உவமைகளாக அடுக்கிக்கொண்டே போகிறான். ‘வஞ்சியென’ என்ற அதே ஓசையில், கொஞ்சமும் குரல் மாறாமல் ‘நஞ்சமென’ வந்து விழுகிறது. காது முதலில் அதை இன்னொரு கொஞ்சலாகத்தான் வாங்கிக்கொள்கிறது. இராமன் முன்னால் என்ன நடக்கிறதோ அது நமக்கும் நடக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் கும்பகருணனை எழுப்பும் பாட்டு. ‘உறங்கு கின்ற கும்ப கன்ன உங்கள் மாய வாழ்வெலாம் / இறங்கு கின்ற தின்று காண் எழுந்தி ராய்எ ழுந்திராய்.’ குட்டையும் நெட்டையுமாக மாறி மாறி இடிக்கும் ஓசை. வடமொழியில் பஞ்சசாமரம் என்ற சந்தத்தில் லகுவும் குருவும் இப்படித்தான் 16 எழுத்துக்கு மாறி மாறி வரும். தூங்குகிறவனை உலுக்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நடை இல்லை. அதே நடையை வைத்துக்கொண்டே பாட்டின் முடிவில் ‘உறங்குவாய் உறங்குவாய்’ என்று காலதூதர் கையில் தூங்கச் சொல்கிறான் கவிஞன். எழுப்பும் ஓசையில் சாவைச் சொன்ன அந்த இடத்தை நான் எத்தனை முறை படித்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

12. அப்போ வல்லினம் வந்தா கோபம், மெல்லினம் வந்தா காதல்னு சொல்லிடலாமா?

அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. வடமொழி அணி நூல்கள் இனிமை, வீறு, தெளிவு என்று குணங்களைப் பிரித்து, எந்த எழுத்து எதற்கு உதவும் என்று சொல்வது உண்மைதான். தொல்காப்பியத்திலும் வல்லிசை வண்ணம், மெல்லிசை வண்ணம் என்று இருக்கின்றன. பொதுப்போக்காக அது சரி.

ஆனால் மேலே பார்த்த சூர்ப்பணகைப் பாட்டில் ‘ஞ்ச’ என்ற மெல்லிய ஒலிதான் முழுக்க நிறைந்திருக்கிறது. உள்ளே இருப்பது வஞ்சம். எழுத்துக்கு என்று நிலையான உணர்ச்சி இருந்தால் அந்தப் பாட்டு வேலை செய்திருக்காது. ஓசை ஓர் எதிர்பார்ப்பை உண்டாக்கும், பொருள் அதோடு சேர்ந்து போகலாம், எதிர்த்தும் போகலாம். பெரிய கவிகள் இரண்டாவதைத்தான் துணிந்து செய்கிறார்கள்.

13. திருப்புகழ் புத்தகத்துல பாட்டுக்கு மேல ‘தத்தத்தன தத்தத் தனதன’ன்னு போட்டிருக்கே, எதுக்கு?

அது சந்தக் குழிப்பு, பாட்டின் ஓசை அச்சு. ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ என்பதற்கு ‘தத்தத்தன தத்தத் தனதன’. ‘அத்திக்கிறை சத்திச் சரவண’ என்பதும் அப்படியே. குறில் எங்கே, வல்லொற்று எங்கே, மெல்லொற்று எங்கே என்று அத்தனையும் அந்தக் குழிப்பில் அடங்கிவிடும். ‘தத்த’ வர வேண்டிய இடத்தில் ‘தந்த’ வந்தால்கூட ஓசை மாறிவிட்டது என்று பொருள். 3ஆம் பதிலில் சொன்ன சீர்க்கணக்கைவிட இது இறுக்கமானது. புளிமா என்றால் ‘அகர’வும் பொருந்தும், ‘முதற்றே’யும் பொருந்தும். சந்தத்தில் அந்தச் சலுகை கிடையாது. 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர் இந்த இறுக்கத்துக்குள் பாட்டுக்குப் பாட்டு புதுப்புதுச் சந்தமாக எடுத்துக்கொண்டு போனார். பாடப் போகிறவர் முதலில் குழிப்பைக் கையால் தாளம் போட்டுச் சொல்லிப் பழக வேண்டும்.

14. பண்ணும் ராகமும் ஒண்ணா? தேவாரத்தைக் கர்நாடக ராகத்துல பாடினா தப்பா?

பண் பழந்தமிழ் இசையின் முறை. பரிபாடலிலேயே பாட்டு எழுதியவர் பெயரோடு இசை வகுத்தவர் பெயரும் பண்ணும் குறித்திருக்கிறார்கள். தேவாரப் பதிகங்கள் பண் வாரியாகவே தொகுக்கப்பட்டு வந்தன. ஓதுவார் மரபில் இன்று பல பண்களை அதற்கு நெருங்கிய ராகத்தில் பாடுகிறார்கள். நட்டபாடை நாட்டையாகவோ கம்பீரநாட்டையாகவோ, கௌசிகம் பைரவியாக, மேகராகக் குறிஞ்சி நீலாம்பரியாக, செந்துருத்தி மத்தியமாவதியாகப் பாடப்படுகின்றன. ஆகவே அந்தந்தப் பண்ணுக்கு வழிவழியாக வந்த ராகத்தில் பாடுவது தப்பில்லை. விருப்பத்துக்கு ஏதோ ஒரு ராகத்தை எடுத்துக்கொள்வதுதான் எனக்குச் சம்மதமில்லை. பதிகத்தின் மேலே பண்ணின் பெயர் எழுதியிருக்கும்போது அதை மதிக்க வேண்டும்.

இதற்கு அரசர்கள் எவ்வளவு அக்கறை எடுத்தார்கள் என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு சாட்சி. திருப்பதியம் பாட 48 பேரையும், உடுக்கையும் கொட்டிமத்தளமும் வாசிக்க இரண்டு பேரையும் முதலாம் இராஜராஜன் நியமித்திருக்கிறான்.

15. பாடும்போது சொல்லை உடைச்சுடறாங்களே, அதுவும் ஓசைக்காகத்தானா?

தாளத்துக்கு ஏற்பச் சொல் சற்று நீள்வதும் குறுகுவதும் இயல்பு. பொருள் மாறும்படி உடைப்பது பாடுபவரின் குறை. 4ஆம் பதிலில் சொன்ன வழியே இங்கேயும் பொருந்தும். பதம் பிரித்துப் பொருளை உள்வாங்கிக்கொண்டவர் மூச்சை எங்கே விடுவது என்று தவற மாட்டார்.

16. தாலாட்டு, ஒப்பாரிக்கெல்லாம் யாப்பு உண்டா?

எழுதி வைத்த இலக்கணம் இல்லை, ஓசை ஒழுங்கு உண்டு. தாலாட்டின் ‘ஆராரோ ஆரிரரோ’ தொட்டில் ஒரு முறை போய் வரும் நேரத்துக்கு அளவெடுத்தது. நடவுப்பாட்டு குனிந்து நிமிரும் கைகளோடும், ஏற்றப்பாட்டு நீர் ஏறி இறங்கும் நேரத்தோடும் போகும். ஒப்பாரியில் அடியின் கடைசியில் வரும் நீண்ட இழுப்புதான் அழுகை. அதை எழுத்தில் பார்த்தால் வெறும் ‘ஏ’ என்று இருக்கும்.

ஏட்டு இலக்கியம் இங்கிருந்து எடுத்துக்கொண்டதும் நிறைய. சிலப்பதிகாரத்தின் கானல்வரியும் ஆய்ச்சியர் குரவையும் மக்கள் பாடி ஆடிய வடிவங்கள். சிந்து மக்களின் வடிவம். அண்ணாமலை ரெட்டியார் அதில் காவடிச் சிந்து பாடினார், பாரதியும் சிந்து பாடினார்.

17. புதுக்கவிதைக்கு ஓசையே கிடையாதுங்கறாங்க. சரியா?

யாப்பு கிடையாது என்று சொன்னால் சரி. பாரதியின் வசன கவிதையை உரக்கப் படித்தால் குட்டையான வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி மந்திரம்போல ஒலிப்பது தெரியும். ந. பிச்சமூர்த்தியும், 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ இதழில் எழுதியவர்களும் யாப்பைத்தான் விட்டார்கள். பேச்சின் ஏற்ற இறக்கமும் வரி உடையும் இடத்தில் விழும் மௌனமும் அவர்களுக்கு ஓசைதான். எந்த இடத்தில் வரி உடைத்தாலும் வாசிப்பில் ஒரு மாற்றமும் இல்லை என்றால், அந்தக் கவிதையில்தான் கோளாறு.

18. பொருள் தெரியாம ஓசைக்காகவே படிக்கலாமா?

தொடங்குவதற்கு, தாராளமாக. குழந்தைகள் அப்படித்தான் கற்கிறார்கள், வேத பாடமும் திருப்புகழும் பலரிடம் அப்படித்தான் போய்ச் சேர்ந்தன. அங்கேயே நின்றுவிடுவதில்தான் இழப்பு. பொருள் தெரியாதவருக்கு ‘நஞ்சமென’ வெறும் இனிமையான ஒலி. 11ஆம் பதிலில் சொன்ன அந்த அதிர்ச்சி அவருக்குக் கிடைக்காமலே போய்விடும்.

19. நானே ஒரு வெண்பா எழுதணும். எங்கே ஆரம்பிக்கறது?

குறள் வெண்பாவில் ஆரம்பியுங்கள், ஏழே சீர். முதலில் ஒரு வாரம் குறளும் நளவெண்பாவும் உரக்கப் படித்துச் செப்பலோசையைக் காதில் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் எழுதுங்கள். எழுதும்போது வாய்ப்பாட்டைப் பார்க்காதீர்கள். எழுதி முடித்து, சொல்லிப் பார்த்து, இடறும் இடத்தில் மட்டும் அலகிட்டுப் பாருங்கள்.

புதிதாக எழுதுகிறவர்களின் முதல் முயற்சி பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘மேகம் சூழ்ந்து மழைகொட்டும் நேரத்தில் / தாகம் தணியும் நிலம்.’ எதுகை நன்றாக இருக்கிறது. ஆனால் ‘மேகம் சூழ்ந்து’ என்று சொல்லும்போது நாக்கு ஒரு கணம் முட்டுகிறது. மே-கம் தேமா, அடுத்து நிரை வர வேண்டும், வந்தது ‘சூழ்ந்’ என்ற நேர். ‘மேகம் திரண்டு’ என்று மாற்றுங்கள். திரண்-டு புளிமா, மழை-கொட்-டும் புளிமாங்காய், நே-ரத்-தில் தேமாங்காய், தா-கம் தேமா, தணி-யும் புளிமா, நிலம் ‘மலர்’. தளை எங்கும் தட்டவில்லை.

கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கு வாய்ப்பாட்டில் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காசிலும் பிறப்பிலும் கடைசி உகரம் 2ஆம் பதிலில் சொன்ன குற்றியலுகரம். ‘நிலத்துக்கு’ என்று நீட்டி முடித்துவிட்டு ஏன் வெண்பா மாதிரி ஒலிக்கவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. கடைசிச் சீரை ஓரசையில் நிறுத்திப் பாருங்கள், வித்தியாசம் உடனே கேட்கும்.